விண்கலம் இருக்கக் காலாட்படை எதற்கு?



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். முதல் நாள் இரவு தொலைக்காட்சியில் விண்வெளிப் போர்ப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான். "சார், அவுங்ககிட்ட ஒரு கிரகத்தையே பொசுக்கிப்புடுற கப்பல் இருக்கு. அப்புறம் ஏன் சார் ஆளுங்க துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நடந்து போறாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால், அது சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வியன்று. படைத்தலைவர்களும் கதாசிரியர்களும் பல காலமாகத் தங்களைத் தாங்களே கேட்டு வருகின்ற கேள்வி அது. மணி அடித்துவிட்டதால் அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலையும் இன்று உங்கள் எல்லாரோடும் சேர்ந்து ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

பெற்றோர்களில் பலர் விஞ்ஞானக் கதைகளை வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுவதுண்டு. ராக்கெட்டும் பறக்கும் தட்டும் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல விஞ்ஞானக் கதை நாளைய உலகத்தைக் காட்டுவதுபோல் தோன்றினாலும், அது பேசுவதெல்லாம் இன்றைய மனிதனைப் பற்றியே. அதை நிறுவவே இந்தக் காலாட்படைக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு பழைய கதை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898ஆம் ஆண்டில் 'உலகங்களின் போர்' என்று பொருள்படும் நாவலை நூலாக வெளியிட்டார். செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வருகிறார்கள். மூன்று கால்களில் நடக்கும் பெரிய எந்திரங்களில் ஏறி, வெப்பக் கதிரால் ஊர்களை எரிக்கிறார்கள். பீரங்கிகளால் அவர்களைத் தடுக்க முடியவில்லை. முடிவில் அவர்களைக் கொன்றவை நம் மண்ணில் வாழும் நுண்கிருமிகள். அக்கிருமிகளைத் தாங்கும் சக்தி அவர்கள் உடலில் இல்லை. இந்தக் கதையை 1938 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நாடகமாக ஒலிபரப்பியபோது, உண்மைச் செய்தி என்று எண்ணிப் பயந்தவர்களும் இருந்தார்கள்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செவ்வாய்க் கிரகத்தார் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும், பூமி தங்களுக்கு வேண்டும் என்றால் பூமியில் இறங்கித்தான் ஆகவேண்டும். மேலேயே இருந்துகொண்டு கீழே உள்ளதை அடைய முடியாது. இறங்கியவர்கள் இந்த மண்ணின் காற்றுக்கும் கிருமிக்கும் உட்பட வேண்டியதாயிற்று. மாணவனின் கேள்விக்கு விடையின் தொடக்கம் இங்கே இருக்கிறது.

அழிப்பது வேறு, அடைவது வேறு. இந்த வேறுபாட்டைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. பால்மரத் தோட்டம் ஒன்றின் மேல் ஒருவன் ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தீ வைக்க ஒரு தீக்குச்சி போதும். ஆனால் தீ வைத்தால் அவனுக்குக் கிடைப்பது சாம்பல். மறுபடியும் கன்று நட்டு அது வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். தோட்டம் தோட்டமாகவே வேண்டும் என்றால் அங்கே ஆள் இருக்க வேண்டும்; விடியற்காலையில் மரத்தடியில் கத்தியோடு நிற்க வேண்டும்; சாலையைக் காக்க வேண்டும்; பாலைச் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். இவற்றில் எதையும் வானத்திலிருந்து செய்ய முடியாது.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' என்னும் நாவல் இந்த உண்மையின் மீதே கட்டப்பட்டது. அர்ராக்கிஸ் என்பது ஒரு பாலைவனக் கிரகம். அங்கே ஒருவகை மசாலாப் பொருள் கிடைக்கிறது. வேறெங்கும் அது கிடைக்காது. அது இல்லாமல் விண்மீன்களுக்கிடையே கப்பல் செலுத்த முடியாது. ஆகவே பேரரசனும் பிரபுக்களும் அந்தக் கிரகத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். எல்லாரிடமும் அணுகுண்டு இருக்கிறது. ஆனால் விளைநிலத்தைப் பாழாக்கிவிட்டால் வென்று என்ன பயன்? எனவே காலாட்படை இறங்குகிறது. அங்கும் வெற்றி பெறுபவர்கள் பேரரசனின் பேர்பெற்ற வீரர்கள் அல்லர். அந்த மணலிலேயே பிறந்து வளர்ந்த ஃப்ரெமன் என்னும் மக்களே வெல்லுகிறார்கள். உடம்பிலிருந்து வெளியேறும் வியர்வையைக்கூட வீணாக்காமல் குடிநீராக மாற்றும் உடையை அணிந்து, எந்த மணலில் எப்படி நடப்பது என்று அறிந்தவர்கள் அவர்கள். எண்ணிக்கையில் அவர்களை மேலிடத்தார் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். கணக்கில் வராதவர்கள்தாம் கடைசியில் கணக்கை மாற்றுகிறார்கள்.

இரண்டாவது காரணம் பாதுகாப்புக் கவசம். 'ஸ்டார் வார்ஸ்' படங்களை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 1977இல் வந்த முதல் படத்தில் பேரரசின் எந்திரக்கோளம் ஒன்று ஒரே அடியில் ஒரு கிரகத்தைத் தூளாக்குகிறது. 1980இல் வந்த அடுத்த படத்தில் அதே பேரரசு ஒரு பனிக் கிரகத்தில் நான்கு கால் எந்திரங்களை நடக்க விடுகிறது; அவற்றின் பின்னால் வீரர்களையும் அனுப்புகிறது. ஏன்? அந்தத் தளத்தைச் சுற்றி வானத்திலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் சக்திக் கவசம் இருந்தது. கவசத்தை உண்டாக்கும் எந்திரம் தரையில் இருந்ததால் தரைவழியே சென்றுதான் அதை உடைக்க முடிந்தது. 1983இல் வந்த மூன்றாவது படத்தில் நிலைமை தலைகீழாகிறது. இப்போது கவசத்துக்குள் இருப்பது பேரரசு. ஒரு சிறு குழு காட்டுக்குள் இறங்கி, அந்தக் காட்டுவாசிகளின் உதவியால் கவச எந்திரத்தைத் தகர்க்கிறது. அதன் பிறகே மேலேயுள்ள கப்பல்களால் எதுவும் செய்ய முடிகிறது. என் மாணவன் பார்த்த படம் இதுபோன்ற ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. அதற்கு அளவறிந்து செய்வது என்று பெயர் சொல்லலாம். ராபர்ட் ஹைன்லைன் என்னும் அமெரிக்கர் 1959இல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவல் விண்வெளிக் காலாட்படைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி எனலாம். அதன் கதாநாயகன் ரிக்கோ ஃபிலிப்பீன்ஸ் வம்சத்தைச் சேர்ந்தவன். வீரர்கள் கப்பலிலிருந்து தனித்தனிக் கூடுகளில் அடைத்துத் தரைநோக்கி எறியப்படுகிறார்கள். உடம்பில் எந்திரக் கவச உடை. அதை அணிந்தவன் கட்டடங்களைத் தாண்டிக் குதிப்பான். இந்நாவல் 1997இல் திரைப்படமாக வந்தபோது அந்த உடை விடுபட்டுப் போயிற்று.

இந்நாவலில் பயிற்சிக்கு வந்த இளைஞன் ஒருவன், அணுகுண்டு இருக்கும் காலத்தில் கத்தி எறியப் பழகுவது எதற்கு என்று கேட்கிறான். நம் மாணவன் கேட்ட அதே கேள்வி. பயிற்சியாளர் தரும் விளக்கத்தின் சாரம் இது: குழந்தை குறும்பு செய்தால் யாரும் அதன் தலையை வெட்டுவதில்லை. போரின் நோக்கம் எதிரியைப் பூண்டோடு அழிப்பதன்று. நாம் வேண்டுவதை அவன் செய்யும்படி ஆக்குவது. அதற்கு எவ்வளவு வன்மை தேவையோ அவ்வளவே பயன்படுத்த வேண்டும். குண்டுக்குக் கண் இல்லை. ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டைத் தட்டவும், சிறைப்பட்டவனை மீட்கவும், சரணடைந்தவனைப் பிடித்துக் கொண்டுவரவும் மனிதன் நேரில் செல்ல வேண்டும். அக்கதையில் எதிரிகள் நிலத்தடிச் சுரங்கங்களில் வாழ்கிறார்கள். அவர்களை ஆட்டிவைக்கும் மூளைப் பூச்சியை உயிரோடு பிடிக்க வேண்டும். அதற்குச் சுரங்கத்துக்குள் இறங்குவதைத் தவிர வழியில்லை.

இதெல்லாம் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ்காரர் பெரிதும் நம்பியிருந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் குவாந்தானுக்கு அப்பால் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. கடலிலும் வானிலும் போரின் போக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஆயினும் நாடு அன்று கைமாறவில்லை. சைக்கிளில் ஏறிய காலாட்படை தோட்டச் சாலைகள் வழியாகத் தெற்கே வந்து, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தபோதுதான் கைமாறியது. அப்போது சிறுவனாக இருந்த என் தாத்தா, டயர் இல்லாத வெறும் சக்கரத்தில் அந்தச் சைக்கிள்கள் தார்ச்சாலையில் எழுப்பிய இரைச்சலைச் சாகும்வரை மறக்கவில்லை. விமானம் வந்தபோது மரத்தடியில் ஒளிந்தோம், போய்விட்டது. சைக்கிள்காரன் வந்தான், போகவே இல்லை என்று அவர் சொல்வார்.

தரையை ஆளுகிறவன் மாறினால் தரையில் வாழ்கிறவன் கதி என்னவாகும் என்பதையும் நம் குடும்பங்கள் அறியும். இந்த நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். வானிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அவர்கள் தென்பட்டிருக்க மாட்டார்கள்.

பின்னர் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தது. அப்போதும் காட்டின் மீது விமானங்கள் குண்டு போட்டன. அடர்ந்த காட்டில் மறைந்திருப்பவர்களை அவற்றால் தேடிப் பிடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் கால்நடையாக ரோந்து சென்றவர்களும், மக்களின் நம்பிக்கையைப் பெற முயன்ற நிர்வாகமும், 1950க்குப் பின் அமைந்த புதுக்கிராமங்களும் போரின் போக்கை மாற்றின. அந்தப் புதுக்கிராமங்களின் முள்வேலி எத்தனையோ எளிய குடும்பங்களுக்குத் துன்பமும் தந்தது. நிலத்தைப் பிடிப்பது என்றால் அதில் வாழும் மக்களோடு ஏதோ ஒரு வகையில் கணக்குத் தீர்ப்பது என்று பொருள்.

சரி, விண்வெளியில் காலாட்படையை இறக்குவது உண்மையில் முடியுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கினான். அதற்குப் பயன்பட்ட சாட்டர்ன் 5 ராக்கெட் ஏறக்குறைய 2,900 டன் எடை. 110 மீட்டர் உயரம். இவ்வளவு பெரிய ராக்கெட் தரையில் இறக்கியது இரண்டே பேரை. 1972 டிசம்பரில் கடைசியாகச் சென்ற இருவரும் சந்திரனில் தங்கியது சுமார் மூன்று நாள்தான். அந்த முறையில் ஆயிரம் பேர் கொண்ட பட்டாளத்தை இறக்க வேண்டுமானால் ஐந்நூறு ராக்கெட் வேண்டும். அவர்கள் மூச்சுவிட, ஆளுக்கு நாளொன்றுக்கு 0.84 கிலோ வீதம் 840 கிலோ பிராணவாயு வேண்டும். தண்ணீர், சோறு, மருந்து எல்லாம் தனி. இவ்வளவும் 3,84,400 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் சந்திரனுக்கே.

சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் ஓடும். அந்த ஒளிக்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும் பயணம் அது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே கதாசிரியர்கள் ஒளியை மிஞ்சும் கப்பலைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அல்லது, தூரத்தின் விலையை நேர்மையாகக் கதைக்குள் கொண்டுவருகிறார்கள்.

அப்படி நேர்மையாகக் கணக்குக் காட்டியவர் ஜோ ஹால்டிமன். அவர் வியட்நாம் போரில் கட்டாயப் படைச்சேவை செய்து, காயம்பட்டுத் திரும்பியவர். 1974இல் 'முடிவில்லாப் போர்' என்று பொருள்படும் நாவலை எழுதினார். ஹைன்லைனோ அமைதிக் காலக் கடற்படையில் அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934இல் விலக நேர்ந்தவர். இருவரும் ஒரே எந்திரக் கவச உடையைத் தங்கள் வீரனுக்கு அணிவித்தார்கள். ஆனால் உடைக்குள் இருக்கும் மனிதனைப் பற்றி இருவரும் கண்டது வேறு.

ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்பவனுக்குக் காலம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் காட்டினார். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1971இல் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து சோதித்தபோது, மிகச் சிறிய அளவிலேனும் அந்த வேறுபாடு தெரிந்தது. ஹால்டிமனின் வீரன் மண்டெல்லா போருக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சில மாதமோ ஆண்டோ கழிகிறது. பூமியிலோ தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. திரும்பி வந்தால் அவன் அறிந்த ஊர் இல்லை. பேச்சும் பழக்கமும் மாறிவிட்டன. பிழைக்க வழி தெரியாமல் மறுபடியும் படையிலேயே சேர்கிறான். போர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது. முடிவில், எதிரி போரைத் தொடங்கவே இல்லை, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் நடந்த வீண் சண்டை அது என்று தெரிய வருகிறது.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. மூன்றாண்டில் திரும்பிவிடலாம் என்று கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் சிலர் முப்பது ஆண்டு கழித்துச் சொந்த ஊருக்குப் போனார்கள். தெருவில் அவர்களை அடையாளம் கண்டவர் யாருமில்லை. திரும்பவும் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். தொலைதூரத்துக்கு ஆள் அனுப்பும் எந்தச் சமுதாயமும் அவர்களிடமிருந்து காலத்தை எடுத்துக்கொள்கிறது. அதை எந்தச் சம்பளத்தாலும் ஈடு செய்ய முடியாது.

இனி நம் பிள்ளைகள் சிந்திக்க வேண்டிய முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கதையில் காலாட்படை எப்படிப்பட்டது என்று பார்த்தால் அந்தச் சமுதாயம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஹைன்லைனின் உலகில், தானே முன்வந்து குறைந்தது இரண்டாண்டு அரசுச் சேவையை முடித்தவனுக்கு மட்டுமே வாக்குரிமை. மற்றவர்கள் சுகமாக வாழலாம், தொழில் செய்யலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. பொறுப்பை ஏற்றவனுக்கே உரிமை என்பது கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. அதே சமயம், அந்தக் கவச உடையைச் செய்தவன் யார், வீரனுக்குச் சோறு விளைவித்தவன் யார், அவனைப் பெற்று வளர்த்தவள் யார் என்று நாம் கேட்க வேண்டாமா? அவர்கள் செய்தது சேவை ஆகாதா? பிறந்து உழைத்த நாட்டிலேயே குடியுரிமைப் பத்திரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இந்தக் கேள்வி நமக்குக் கற்பனைக் கேள்வியன்று.

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2002இல் வந்த படத்தில் இன்னொரு வகைப் படையைக் காட்டுகிறார்கள். ஒரே மனிதனிலிருந்து அச்சில் வார்த்ததுபோல் இலட்சக்கணக்கான வீரர்களை உருவாக்குகிறார்கள். அவர்களுக்குத் தாயில்லை, ஊரில்லை, போகமாட்டேன் என்று சொல்லும் உரிமையுமில்லை. இழப்பதற்கு அஞ்சாத படை மேலிடத்துக்கு வசதிதான். கேள்வி கேட்காத உழைப்பாளியை விரும்பும் முதலாளி இருப்பதுபோல, கேள்வி கேட்காத வீரனை விரும்பும் அரசனும் இருக்கிறான்.

இன்றைய உண்மை நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, சந்திரனையோ மற்ற கோள்களையோ எந்த நாடும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. அங்கே இராணுவத் தளம் அமைப்பதும் ஆயுதச் சோதனை நடத்துவதும் கூடாது. 2019 டிசம்பரில் அமெரிக்கா விண்வெளிப் படை என்று ஒன்றைத் தனியாக அமைத்தது. அதன் வேலை பெரும்பாலும் செயற்கைக் கோள்களையும் ராடார்களையும் பூமியிலிருந்தே இயக்கிக் காப்பது. வேற்றுக் கோளில் இறங்கிப் போரிடும் காலாட்படை எந்த நாட்டிடமும் இல்லை. அது இன்னும் கதையில்தான் நடக்கிறது. அது கதையிலேயே நின்றுவிடுமா என்பது, இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நாளை எப்படிப்பட்ட குடிமக்களாக இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது பெட்டியை அணைத்துவிடாதீர்கள். உடன் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் போர் எந்தப் பொருளுக்காக? கீழே இறங்கி நடப்பவன் யார் வீட்டுப் பிள்ளை? போர் முடிந்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது? இந்த மூன்றுக்கும் விடை தேடும் பிள்ளை வரலாற்றுப் பாடத்தையும் நன்றாகப் படிக்கும்.

என் மாணவனுக்கு மறுநாள் நான் சொன்னதையே இங்கும் சொல்லி முடிக்கிறேன். "தம்பி, கப்பல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதால ஒரு எடத்தப் பயமுறுத்தலாம், எரிக்கலாம். அங்க குடியிருந்து ஆளணும்னா மனுசன் கால் மண்ணுல படணும். அதனாலதான் அவுங்க நடக்குறாங்க" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா, சார், அங்க ஏற்கெனவே இருக்கிறவங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு எந்தக் கதையும் இன்னும் முழு விடை சொல்லவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு அதைப் பேசிப் பாருங்கள்.